ஆற்றங்கரை விளையில் படி கட்டலாமா?

கடியப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். வள்ளியாற்றின் கரையில் அவருக்கு 32 சென்ட் தென்னந்தோப்பு. விளையின் மேல்மட்டத்துக்கும் ஆற்று நீருக்கும் 22 அடி உயர வித்தியாசம். அப்பா காலத்தில் மண்ணில் வெட்டிய தடத்தில்தான் இறங்கி ஏறுவார்கள். குளிக்க, துணி துவைக்க, வள்ளத்தைக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுவே வழி. வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பியதும் அந்தத் தடத்தை அழித்து, 6 அடி அகலத்தில் நேராக ஆற்றுக்குள் இறங்கும் சிமென்ட் படி கட்டினார். கீழே வள்ளம் கட்டவும் மோட்டார் வைக்கவும் தண்ணீருக்குள் தூண் நிறுத்தி ஒரு மேடையும் போட்டார்.

அடுத்து வந்த வடகிழக்குப் பருவமழையில் படியின் இரண்டு ஓரங்களும் அரித்தன. அடிப்பகுதி 9 படிகள் உடைந்து ஆற்றில் சாய்ந்தன. பக்கத்து விளைக்காரரின் இரண்டு தென்னைகளும் ஆற்றைப் பார்த்துச் சரிந்துவிட்டன. அவர் புகார் கொடுக்க, மேடையை அகற்றச் சொல்லி வருவாய்த் துறையிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. "என் பட்டா நிலத்தில் என் காசில் படி கட்டியது குற்றமா?" என்று கேட்கிறார் வாசகர்.

பட்டா நிலத்துக்குள் கட்டிய படி வேறு, தண்ணீருக்குள் நிற்கும் மேடை வேறு. இரண்டுக்கும் விதிகள் வேறு. படி உடைந்ததற்கான காரணமோ சட்டத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பட்டா எங்கே முடிகிறது?

ஆற்றங்கரை விளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் தண்ணீர் தொடும் இடம் வரை தங்கள் நிலம் என்றே நினைக்கிறார்கள். புலப்படத்தை விரித்துப் பார்த்தால் அப்படி இருக்காது. கரைச் சரிவின் நடுவிலோ, சில இடங்களில் சரிவின் மேல் விளிம்பிலோ பட்டா எல்லை நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளது ஆற்றுப் புறம்போக்கு. ஆறு கரையை அரித்து உள்ளே வந்த இடங்களில் நிலைமை இன்னும் சிக்கல். காகிதத்தில் 32 சென்ட் இருக்கும், கையில் 29 சென்ட்தான் இருக்கும். மீதி தண்ணீருக்குள் கிடக்கும்.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் கூப்பிட வேண்டியவர் நில அளவர். பட்டா நகல், அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, எல்லையை அளந்து கல் நட்டுத் தரும்படி முறையாகக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். கல்குளம் வட்டத்துக்காரர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகம் தக்கலையில் இருக்கிறது. இ-சேவை மையத்திலும் மனுப் போடலாம். அளக்கும் நாளில் பக்கத்து விளைக்காரர்களையும் அழைத்து நிறுத்துவது நல்லது. பிறகு வரும் பாதி வழக்குகள் அங்கேயே தீரும்.

புறம்போக்கில் எத்தனை ஆண்டு காலமாகப் படி இருந்தாலும் அதனால் அந்த இடம் நமக்குச் சொந்தமாகிவிடாது. பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமக் குளத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஜக்பால் சிங் வழக்கு என்று அதற்குப் பெயர். 2011 ஜனவரி 28-ல் தீர்ப்பு வந்தது. நீண்ட காலமாக இருக்கிறோம், நிறையச் செலவு செய்துவிட்டோம் என்ற வாதம் எதுவும் எடுபடவில்லை. அத்துடன் நிற்காமல், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநில அரசுகளுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கடல் சட்டம் ஆற்றுக்கும் உண்டு

கடியப்பட்டணத்துக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறு, பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாயின் வடிகால் நீரையும் பல குளங்களின் கழிவு நீரையும் சேர்த்துக்கொண்டு இங்கேதான் கடலில் விழுகிறது. பொழிமுகம் திறந்திருக்கும் காலத்தில் வேலியேற்றம் ஆற்றுக்குள் ஏறும். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்ற சட்டம், சி.ஆர்.இசட். என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், கடற்கரைக்கு மட்டும் உரியது என்று விவசாயிகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஓதம் ஏறும் ஆற்றுக்கும் கழிக்கும் அது பொருந்தும்.

இதற்கான கணக்கு இப்படி. கடல் பக்கம் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை இந்த மண்டலம். ஆற்றின் பக்கம், 2011 ஜனவரி அறிவிப்பின்படி 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 ஜனவரி அறிவிப்பு அந்த 100 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் புதிய அறிவிப்புக்கு ஏற்ற கடலோர வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அது நடைமுறைக்கு வரும். அதுவரை பழைய கணக்குதான். எனவே "இப்போது என் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் செல்லும்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஆற்றில் ஓதம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை உப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆண்டில் மிகவும் வறண்ட காலத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் 5 கிராம் உப்பு காணும் இடம் வரை ஓதப் பகுதி. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கும். வாசகர் மோட்டார் வைக்க மேடை கட்டியதாக எழுதியிருப்பதால் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள தண்ணீரை வாழைக்கு இறைத்தால் இலை ஓரம் கருகி, கன்று எழும்பாமல் போகும். தென்னை கொஞ்சம் தாங்கும், ஆனால் அந்த அளவு நீரைத் தொடர்ந்து கொடுத்தால் அதுவும் குரும்பை உதிர்க்கும். மாசி, பங்குனியில்தான் பாசனம் தேவை. அதே மாதங்களில்தான் ஆற்றில் உப்பு ஏறும். ஒரு பாட்டில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்திருந்தால் மோட்டாருக்கான மேடையே தேவைப்பட்டிருக்காது. நீர் நன்றாக இருந்தாலும் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்க நீர்வளத் துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

இந்த மண்டலத்துக்குள் விவசாயத்துக்குத் தடை இல்லை. தென்னை வைக்கலாம், தீவனப் புல் போடலாம், தோட்டம் வைக்கலாம். ஊர்ப்புறக் கடலோரத்தில் ஆற்றை ஒட்டிய அந்தத் துண்டு 'கட்டுமானம் கூடாத பகுதி' என்ற கணக்கில் வரும். புதிதாகக் கட்டடம் எழுப்ப முடியாது. மேட்டையும் மணற்குன்றையும் அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ வெட்டி உருமாற்றுவதும், மணலும் பாறையும் எடுப்பதும் தடை செய்யப்பட்டவை. ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை ஆற்றில் தள்ளுபவர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று விதிகளை மீறுகிறார்கள். படகுத்துறை கட்டுவது முழுதாகத் தடை செய்யப்பட்டது அல்ல. முன் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய கரையோர வேலைகளில் ஒன்று அது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழு இருக்கிறது. மனு அந்த வழியாகப் போக வேண்டும்.

"ஊராட்சியில் ரசீது வாங்கியிருக்கிறேன்" என்பது பலர் சொல்லும் பதில். கேரளத்தில் எர்ணாகுளம் அருகே மரடில் காயல் ஓரம் கட்டிய அடுக்குமாடிகளுக்கும் ஊராட்சி அனுமதி இருந்தது. கடலோர மண்டல அனுமதி இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரண்டு நாளில் நான்கு குடியிருப்புகளும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. பல மாடிக் கட்டடமே நிற்கவில்லை. தண்ணீருக்குள் நிற்கும் ஒரு மேடைக்காக வாதாடுவதில் பலன் இருக்காது.

குளத்தங்கரைக்காரர்களுக்கு

வாசகர் கேட்டது ஆற்றைப் பற்றி. ஆனால் குமரி மாவட்டத்தில் ஆற்றங்கரையை விடக் குளத்தங்கரையில் விளை வைத்திருப்பவர்கள் அதிகம். குளங்களுக்கு 2007-ம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. குளத்தின் கரையை வெட்டிப் படி இறக்குவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. வெட்டிய இடத்தில்தான் வெள்ள காலத்தில் முதலில் கசியும். கரை உடைந்தால் கீழே பத்துக் குடும்பத்தின் வயல் போகும்.

சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. 2017-ம் ஆண்டின் ஈரநில விதிகள் இவற்றுக்குப் பொருந்தும். கடந்த பத்தாண்டு வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டுமானம் கூடாது என்பது விதி. படகுத்துறைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டி ஒருவர் தன் வீட்டுக்குத் தனித்துறை கட்டிவிட முடியாது. குளம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்தத் துறையின் அனுமதி வேண்டும்.

படி ஏன் உடைந்தது?

முட்டம், கடியப்பட்டணம் பகுதியின் செம்மணல் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காய்ந்திருக்கும்போது அந்த மண் சுவர் போல நிற்கும். ஆணி அடித்தால்கூட இறங்காது. நீர் ஊறியதும் சர்க்கரை கரைவதுபோல் கரைந்து ஓடும். மழைநீர் ஓடிய தடமெல்லாம் ஓடையாக வெட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

வாசகரின் விளையில் ஒரு நாள் 5 செ.மீ. மழை பெய்தால் 32 சென்டிலும் விழும் நீர் ஏறக்குறைய 65,000 லிட்டர். அதில் ஒரு பகுதியை மண் குடிக்கும். மீதி சரிவைத் தேடும். அப்பா காலத்து மண் தடம் வளைந்து வளைந்து இறங்கியது, புல் மூடியிருந்தது, தண்ணீர் வேகம் எடுக்க முடியவில்லை. 6 அடி அகலச் சிமென்ட் படி நேராக இறங்கியதும் அது படியாக இல்லாமல் கால்வாயாக மாறிவிட்டது. சிமென்டை அரிக்க முடியாத நீர் இரண்டு ஓரத்து மண்ணை அரித்தது. கீழே ஆற்று வெள்ளம் அடித்தளத்தின் அடியைத் தோண்டியது. படியைத் தாங்க மண்ணே இல்லாமல் போனபோது அது முறிந்தது. மேடையின் தூண்கள் ஆற்றின் ஓட்டத்தைத் திருப்பிப் பக்கத்து விளையின் அடியில் மோதவிட்டன. அங்கே தென்னை சரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஆகவே செங்குத்தான கரையில் படி இறக்குபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை மேலே இருக்கிறது. சரிவின் விளிம்பில் உறுதியான வரப்பு போட்டு, மழைநீரை ஓரமாகத் திருப்பி, கல் பதித்த வடிகால் வழியே மெதுவாக இறக்க வேண்டும். மழைநீர் சேமிப்புக் குழி வெட்டச் சொல்லி எல்லா இடத்திலும் அறிவுரை சொல்லப்படுகிறது. நல்ல அறிவுரைதான், ஆனால் சரிவின் விளிம்பில் அதைச் செய்யக் கூடாது. விளிம்பை ஒட்டி நீர் ஊறினால் முழுக் கரையும் நழுவும். விளிம்பில் நிற்கும் தென்னைகளுக்கு மழைக்காலத்தில் பாத்தி திறந்து வைப்பதையும், கழிவறைத் தொட்டியை அங்கே வெட்டுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

படியை நேராக இறக்காமல் சரிவுக்குக் குறுக்காகச் சாய்வாக இறக்க வேண்டும். ஒரு படிக்கு 6 அங்குல உயரம், 1 அடி அகலம் வைத்தால் வயதானவர்களும் குடம் சுமப்பவர்களும் சிரமமின்றி ஏறுவார்கள். 22 அடிக்கு 44 படி. நடுவில் 4 அடி நீளத்தில் மூன்று இடத்தில் சமதளம் விட்டால் மொத்த நீளம் 56 அடி வரும். 32 சென்ட் விளையின் ஆற்றோர நீளத்துக்குள் இதைத் தாராளமாக அடக்கலாம். அகலம் 3 அல்லது 4 அடி போதும். ஏரிகள் நிறைந்த அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வீட்டு மனையிலிருந்து ஏரிக்கு இறங்கும் படி 4 அடிக்கு மேல் அகலம் கூடாது, இடைத்தளம் 32 சதுர அடிக்கு மேல் கூடாது, கூரை போடக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். பெரிய படி பெரிய அரிப்பைக் கொண்டுவரும் என்ற அனுபவம் அங்கேயும் இருக்கிறது.

சிமென்டை விடக் கருங்கல்லைச் சாந்து பூசாமல் அடுக்கிய படி இந்த மண்ணுக்கு ஏற்றது. இடுக்கு வழியாக நீர் வெளியேறும், ஒரு கல் அசைந்தால் அதை மட்டும் எடுத்துத் திரும்ப வைக்கலாம். சாந்து பூசித் தடுப்புச் சுவர் எழுப்பினால் நீர் வெளியேறத் துளைகளும், துளைக்குப் பின்னால் ஜல்லியும் கட்டாயம். தென்னையின் தூரிலிருந்து 6 அடிக்குள் மண்ணை வெட்டவே கூடாது. அதன் வேர்த் திரளில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

படியின் இரு ஓரமும் வெட்டிவேர் நாற்றைச் சரிவுக்குக் குறுக்கு வரிசையாக, அரை அடி இடைவெளியில் நட வேண்டும். வேர் செங்குத்தாக ஆழம் போய் மண்ணைப் பிடிக்கும். நட்ட இடத்தின் மேல் தென்னை நார்க் கயிறு வலையை விரித்து முளையடித்தால், வேர் பிடிக்கும் வரை அது மண்ணைக் காக்கும், இரண்டு மூன்று ஆண்டில் மக்கி உரமாகும். கரையின் அடியில் ஏற்கெனவே தாழை நின்றால் அதை வெட்டாதீர்கள். பாம்பு வரும் என்று சொல்லித் தாழையை அழித்த கரைகள்தான் இன்று அரித்துக்கொண்டிருக்கின்றன.

வள்ளம் கட்ட மேடை எதற்கு? எல்லைக்குள் ஒரு கல்தூணோ தென்னையோ இருந்தால் கயிறு கட்டப் போதும். இறங்கிக் கால் வைக்க, காற்றில் விழுந்த பனையின் தடியை இரண்டு முளையில் வைத்துக்கொண்டு மழைக்காலத்துக்கு முன் எடுத்து மேலே போட்டுவிடலாம். நிற்கும் பனையை இதற்காக வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. கழற்றி எடுக்கும் தடியானாலும் புறம்போக்கில் வைப்பதால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

கரையோரம் ஏழெட்டு விளைக்காரர்கள் இருந்தால், ஆளுக்கொரு படி என்பதை விட்டு ஊராட்சி வழியாக ஒரு பொதுப் படித்துறை கேட்கலாம். கிராம சபையில் தீர்மானம் வைத்து, அது நீர்வளத் துறைக்கும் கடலோர மண்டலக் குழுவுக்கும் போனால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். பெண்கள் குளிக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் ஊரே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ள முடியும்.

இனி வாசகர் செய்ய வேண்டியது

வந்த அறிவிப்பைக் கிழித்துப் போடவோ, பயந்து ஒளிக்கவோ வேண்டாம். அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். பட்டா எல்லையைக் கூட்டாக அளந்து காட்டக் கேட்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் தூண்களையும் உடைந்த படிகளையும் தானே அகற்றிவிடுவதாக ஒப்புக்கொள்வது நல்லது. அதை எப்படியும் அகற்றத்தான் போகிறார்கள். தானாகச் செய்தால் செலவும் குறையும், பட்டாவுக்குள் இருக்கும் மேல் படிகளைப் பற்றிப் பேச வழியும் இருக்கும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. உடைந்த சிமென்ட் கட்டிகளை ஆற்றிலேயே விட்டுவிடாமல் மேலே ஏற்ற வேண்டும். விட்டால் அடுத்த வெள்ளத்தில் அவை இன்னொரு விளையின் கரையை இடிக்கும்.

மண் வேலையைத் தை மாதம் தொடங்கிச் சித்திரைக்குள் முடிக்கலாம். வைகாசி கடைசியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். வெட்டிவேரை அந்த மழையின் முதல் ஈரத்தில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்திருக்கும்.

பக்கத்து விளையில் சரிந்த இரண்டு தென்னைகளுக்கும் உடனே கவனம் வேண்டும். அவற்றில் ஆள் ஏறித் தேங்காய் பறிக்கக் கூடாது, துரட்டியால் கீழிருந்தே பறிக்க வேண்டும். காய்ந்த ஓலையையும் பாரமான குலைகளையும் இறக்கிக் கொண்டையின் எடையைக் குறைக்க வேண்டும். வெளியே தெரியும் வேர்களை விளை மண்ணும் தென்னை மட்டையும் போட்டு மூடி, ஆற்றுப் பக்கம் கல் அடுக்கித் தாங்கல் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் புது ஓலை நேராக மேல் நோக்கி வந்தால் மரம் பிழைத்துக்கொண்டது. தூர் இன்னும் அசைந்துகொண்டே இருந்தால் ஆனி மழைக்கு முன் வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பிலிருந்து 15 அடி உள்ளே தள்ளிப் புதுக் கன்று வைக்க வேண்டும். அந்தக் கன்றுகளின் விலையையும் கல் அடுக்கும் கூலியையும் நம் வாசகர் கொடுத்துவிட்டால், பக்கத்து விளைக்காரரின் புகார் வழக்காக நீளாமல் போகலாம்.